சீனிச் சாக்குத் தரை

மத்தியானம் மூன்று மணிக்குத் தேய்த்து முடித்த தரை ஐந்து மணிக்கு வெடித்தது. முதலில் வாசல் பக்கம் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. பிறகு அதற்கு ஒரு தம்பி. தம்பிக்கு இரண்டு தங்கைகள். விளக்கு வைப்பதற்குள் ஒரு பெரிய குடும்பமே தரையில் குடியேறிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில், மேற்கே மலையைப் பார்த்த தெரு ஒன்றில், அசன் முகம்மது புதிதாகத் திறக்க இருந்த பால்கோவா கடையின் தரை அது. கடைக்கு இன்னும் கதவு மாட்டவில்லை. ஆடி மாதம். மலையிலிருந்து இறங்கிய காற்று யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, தரையைத் துடைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன மேஸ்திரி, தரை போடச் சொன்னா மேப்பு வரைஞ்சு வச்சிருக்கீரு?" என்றார் அசன் முகம்மது.

சங்கிலிப்பாண்டி மேஸ்திரி அசரவில்லை. இருபத்தைந்து வருடமாகக் கொத்துக் கரண்டி பிடிப்பவர். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. கல் விழுந்து போனது. "நாலு விரல் மேஸ்திரி" என்றால் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சின்னப் பிள்ளையும் வழிகாட்டும்.

"பாய், இது வெடிப்பு இல்ல. தரை மூச்சு விடுது."

"விடட்டும். அந்த மூச்சுக்குள்ள எறும்பு வந்து குடியிருக்குமே. நான் விக்கப்போறது பால்கோவா. கீழ சிந்துன சீனி ஒரு கோட்டுக்குள்ள போனாப் போதும், இந்தத் தெரு எறும்பு அம்புட்டும் எனக்குத்தான் வாடிக்கை. பேத்துட்டு வேற போடும்."

பேர்த்தார்கள். பேர்த்ததை அள்ளி வெளியே கொட்டியது பரிபூரணமும் வெள்ளத்தாயும். இருவரும் சித்தாள்கள். செட்டியார்பட்டியிலிருந்து காலையில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் மாறி, இங்கே வந்து இறங்குவார்கள்.

இரண்டாவது தரைக்கு மேஸ்திரி சிமெண்டைக் கூடுதலாகப் போடச் சொன்னார். "வீரியம் பத்தல. அதான் வெடிச்சிருக்கு."

வீரியம் கூடிய தரை நாலரை மணிக்கே வெடித்தது.

மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டார். சிக்கல் வந்தால் அவர் போகிற இடம் அது. பரிபூரணம் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள். வாசலில் ஏழு. நடுவில் பதினொன்று. பின்சுவர் மூலையில் ஒன்றுகூட இல்லை. நடுவிலிருந்து புறப்பட்ட ஒரு நல்ல தடிமனான கோடு அந்த மூலையை நோக்கி வேகமாக வந்து, ஒரு முழம் முன்னாலேயே, வீடு மாறி வந்துவிட்ட ஆளைப் போல நின்றிருந்தது.

அந்த மூலையில் என்ன நடந்தது என்று யோசித்தாள். கிழிந்த சாக்கு ஒன்று கலவைமேல் விழுந்து, அதன் பிசிறு உள்ளே சிக்கிக்கொண்டது. எடுக்க நேரமில்லாமல் மேஸ்திரி அப்படியே தேய்த்துவிட்டார்.

நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். சணல் நூல் வந்தது.

அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான். காற்று மேல் ஈரத்தைக் குடிக்கிறது. மேல் தோல் சுருங்குகிறது. அடி சுருங்காமல் அப்படியே கிடக்கிறது. கலவை இறுகாத அந்த நேரத்தில் தோலுக்குப் பலம் கிடையாது, பிய்ந்துபோகிறது. உள்ளே நூல் கிடந்தால், தையல் போட்ட துணி மாதிரி, பிய்கிற இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

"ஏட்டி, தரையில என்ன ரேகை பாக்க?" என்றாள் வெள்ளத்தாய்.

"தரைக்கில்ல. எனக்குப் பாக்கேன்."

வெள்ளத்தாய்க்கு அது விளங்கியது. பரிபூரணத்தின் ஒயர்கூடையில், தூக்குச்சட்டிக்கு அடியில், பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு கரண்டி இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ராஜபாளையத்து இரும்புக்கடையில் மூன்று வருடத்துக்கு முன்னால் பரிபூரணம் வாங்கியது. கடைக்காரர், "மேஸ்திரி என்ன சைஸ் கேட்டாரு?" என்று கேட்டார். "அவிய கைக்கு என் கை அளவுதான்" என்று சொல்லி வாங்கிவந்தாள். அன்றிலிருந்து அந்தக் கரண்டி தினமும் அவளோடு பஸ் ஏறி வேலைக்கு வந்து, வேலை செய்யாமல் வீட்டுக்குத் திரும்பியது.

வேலை அவளுக்குத் தெரியாதது இல்லை. பதினோரு வருடமாகச் சட்டி தூக்குகிறாள். மேஸ்திரி டீ குடிக்கப் போனால் அரைமணி நேரம். அந்த அரைமணியில் மேஸ்திரியின் கரண்டியால் அவள் பூசிய சுவர்கள் ராஜபாளையத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. திரும்பி வந்து பார்ப்பார். ரசமட்டம் வைப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டுக்காரர் வந்து பாராட்டினால், "நம்ம கை அப்படி" என்பார்.

கரண்டியை நேராகக் கேட்டால் மட்டும் சிரிப்பார். "பொம்பள கொத்தனாரா? வீட்டுக்காரன் எங்கிட்ட கேப்பான், என்ன மேஸ்திரி, சமையலுக்குக் கொண்டாந்த கரண்டியான்னு."

டீக்கடையிலிருந்து அவர் திரும்பியதும் பரிபூரணம் மூலையைக் காட்டினாள். நூலைக் காட்டினாள். சணலைப் பிரித்து, துண்டு துண்டாக வெட்டிக் கலவையில் போட்டால் வெடிக்காது என்றாள்.

மேஸ்திரி நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கலவையில மயிரு கெடந்தா எடுத்து எறிவோம். நீ போடச் சொல்லுத."

"ரெண்டு தடவ எறிஞ்சிட்டுத்தான் போட்டோம். ரெண்டு தடவையும் வெடிச்சிருச்சே."

அசன் முகம்மது பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடை திறப்பு. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. "அந்தப் பிள்ள சொல்லுறதச் செஞ்சுதான் பாருமே. உம்ம வீரியத்தத்தான் பாத்தாச்சு" என்றார்.

மேஸ்திரிக்கு முகம் சிவந்தது. முதலாளி முன்னால் சித்தாள் பேச்சைக் கேட்கவும் முடியாது. கேட்காமல் மூன்றாவது தடவை பேர்க்கவும் முடியாது.

"சரி. கலவை உன்னுது, தேய்ப்பு என்னுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் தரையில ஒரு கோடு விழலைன்னா, கரண்டிய உன் கையில நானே குடுக்கேன். பத்துப் பேரு பாக்கக் குடுக்கேன். விழுந்துச்சுன்னா, கரண்டிங்கிற பேச்சே இனிமே உன் வாயில வரக்கூடாது. சட்டி தூக்குனமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்கணும். என்ன?"

"சரி மேஸ்திரி."

"நான் சாட்சி" என்றாள் வெள்ளத்தாய், யாரும் கேட்காமலே.

பரிபூரணம் அவசரப்படவில்லை. அசன் முகம்மதுவின் மனைவி மெகராஜ் பேகத்திடம் நசுங்கிப்போன பால்கோவா தட்டு இரண்டு வாங்கினாள். ஒன்றில் வெறும் கலவை. இன்னொன்றில் அரிசிச் சாக்கைப் பிரித்து, இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டிய நூல் போட்ட கலவை. இரண்டையும் காற்று அடிக்கும் மதில்மேல் வைத்தாள். சாயங்காலம் வெறும் கலவை நடுவில் பிளந்து கிடந்தது. நூல் போட்டது முழுசாக இருந்தது. மறுநாள் காலையில் தட்டினால் 'டக்'கென்றது.

மேஸ்திரி அதைத் தட்டினார். கவிழ்த்தார். மோந்தும் பார்த்தார். "தட்டு வேற, தரை வேற" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ஒரு அறை முழுவதற்கும் சாக்கு வேண்டும். மெகராஜ் பேகம் பின்கட்டைக் காட்டினார். பால்கோவா கிண்டுகிற வீட்டில் சாக்குக்கா பஞ்சம்? காலிச் சீனிச் சாக்குகள் ஆள் உயரத்துக்கு மடித்து அடுக்கியிருந்தன. தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

பரிபூரணம் அவற்றைத் தொட்டியில் போட்டு அலசப்போனாள். மேஸ்திரி ஓடிவந்து தடுத்தார்.

"ஏட்டி, ஏட்டி, கழுவாத! இனிப்பு இருந்தா நல்லது. எங்க அய்யா காலத்துல சுண்ணாம்புக்குக் கருப்பட்டித் தண்ணியும் கடுக்காத் தண்ணியும் ஊத்தித்தான் அரைப்பாக. அந்தச் சுவத்துல இன்னிக்கும் ஆணி எறங்காது தெரியுமா? கருப்பட்டி என்ன, சீனி என்ன. இனிப்பு பட்டாக் கல்லாயிரும்."

பரிபூரணம் கொஞ்சம் யோசித்தாள். சுண்ணாம்புக்குக் கருப்பட்டி ஊற்றுவது அவளும் கேள்விப்பட்டதுதான். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல யோசனை வருவதும் தினமும் நடக்கிற காரியம் இல்லை. சரி என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவளும் வெள்ளத்தாயும் சாக்குப் பிரித்தார்கள். அரிவாள்மனையில் வைத்து வெட்டினார்கள். திங்கட்கிழமை, வெடித்த தரையைப் பேர்த்து அள்ளிவிட்டு, கலவை. நூலை மொத்தமாகப் போட்டதும் அது சுருண்டு உருண்டு கொழுக்கட்டையாகிவிட்டது. அதை எடுத்து எறிந்துவிட்டு, ஒரு சட்டிக் கலவைக்கு ஒரு பிடி என்று, காய்ந்த மணலோடு பிசறி, தூவித் தூவிக் கலந்தாள். அது வசத்துக்கு வந்தது.

மேஸ்திரி காவி போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க நூல் நுனிகள் மேலே எட்டிப் பார்த்தன.

"தாடி மொளச்ச தரைய இன்னிக்குத்தான் பாக்கேன்" என்றார். "பாய், திறப்பு விழாவுக்கு நாசுவனையும் கூப்பிடணும்."

"நீரு தேயும். சவரம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அசன் முகம்மது.

கடைசியாகச் சிமெண்டுப் பால் ஊற்றித் தேய்த்ததும் தாடி மறைந்தது. சிவப்புத் தரை ஈரத்தில் பளபளத்தது. மூன்று மணி ஆயிற்று. காற்று வழக்கம்போல வந்தது. நான்கு. நாலரை. மேஸ்திரி டீக்குக்கூடப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஐந்து. ஐந்தரை. கோடு இல்லை. தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. பஸ்ஸுக்குப் புறப்படும்போது பரிபூரணம் தன் ஒயர்கூடையை மடியில் வைத்து, அடியில் இருந்த கரண்டியை வெளியிலிருந்தே ஒருமுறை தடவிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் வெடிப்பு இல்லை. அதைவிடப் பெரிய ஒரு சங்கதி இருந்தது. தரை இறுகவில்லை.

மேஸ்திரி ஒரு விரலால் தொட்டார். விரல் உள்ளே போனது. எடுத்துப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"பாய்! ஓடியாங்க! தரை போடச் சொன்னீக, இவ அல்வா கிண்டி வச்சிருக்கா! ஸ்ரீவில்லிபுத்தூர்ல திருநெல்வேலி அல்வா!"

பரிபூரணம் சுவர் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு தீக்குச்சியைத் தரையில் நட்டாள். மருந்துத் தலை வரைக்கும் இறங்கியது. அந்த அளவுக்கு ஒடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். நூல்தான் காரணமா? அப்படியென்றால் தட்டில் போட்டது எப்படி ஒரே ராத்திரியில் கல்லானது? அதே சிமெண்டு, அதே மணல், அதே தண்ணீர்.

அன்று முழுவதும் ஈரம் காயாமல் கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். மேஸ்திரி வழியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அல்வாவைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் எறும்பு வந்தது.

வாசற்படியின் மேல் வரிசையாக ஏறி, நேரே தரைக்குள் இறங்கியது. முன்னால் போனவை ஒட்டிக்கொண்டன. பின்னால் வந்தவை அவற்றின் முதுகில் ஏறிப் போயின.

"வெடிப்பு இல்லாமலே வந்துருச்சே!" என்று அசன் முகம்மது தலையில் கைவைத்தார்.

பரிபூரணம் எறும்பையே பார்த்தாள். எறும்பு எதற்குச் சிமெண்டுக்கு வர வேண்டும்? எழுந்துபோய், வெட்டாமல் மிச்சம் கிடந்த சாக்கிலிருந்து ஒரு நூலை இழுத்து நாக்கில் வைத்தாள்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? சாக்க நக்குத!" என்றாள் வெள்ளத்தாய்.

"இனிக்குது."

"அப்ப எனக்கும் ஒரு நூலு தா."

பரிபூரணம் மெகராஜ் பேகத்திடம் போனாள். "அக்கா, ஒரு சிட்டிகை சீனி குடுங்க."

"டீக்கா? ஒரு சிட்டிகை எந்த மூலைக்கு?"

"டீக்கில்லக்கா. சிமெண்டுக்கு."

மெகராஜ் பேகம் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் கொடுத்தார். பின்கட்டில் இரண்டு சிரட்டைகளை எடுத்து, இரண்டிலும் ஒரே சிமெண்டு, ஒரே தண்ணீர். ஒன்றில் மட்டும் அந்தச் சீனி. மாடக்குழியில் வைத்துவிட்டுப் போனாள். போகிற வழியில் தரையில் இன்னொரு தீக்குச்சி நட்டாள். முக்கால் இறங்கி நின்றது.

புதன்கிழமை காலையில் பஸ் இறங்கி நேரே சிரட்டைகளிடம் போனாள். சீனி போடாதது கல். சீனி போட்டது களி.

மேஸ்திரி வந்ததும் இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள். "இதுல இனிப்பு கெடையாது. இதுல இனிப்பு. எது கல்லாச்சு பாருங்க."

அவர் ஒன்றைத் தட்டினார். மற்றதை அழுத்தினார். முகம் மாறியது. உடனே சரியானது. "அப்போ சுண்ணாம்புக்கு மட்டும் எப்படி? ரெண்டும் சூளையில வெந்ததுதானே?"

"செங்கல்லும்தான் சூளையில வெந்துச்சு. அதக் கரைச்சா சுவத்துல பூசுதீக?"

வெள்ளத்தாய் சிரிப்பை முந்தானையால் மூடினாள். மூடியும் சத்தம் வந்தது.

"சாக்க அலசப்போனேன். கழுவாதன்னு சொன்னது யாரு மேஸ்திரி?"

மேஸ்திரி பதிலுக்கு அசன் முகம்மதுவைப் பார்த்தார். "பாய், யாரு சொன்னா என்ன? வெள்ளிக்கிழமை கடை திறக்கணும். இது எறுகாது. இன்னிக்கே அள்ளி எறிஞ்சாத்தான் நாளைக்கு வேற போட முடியும். போட்டியில இவ தோத்தா."

"கோடு விழுந்தாத்தான தோத்த கணக்கு? கோடு எங்க?" என்றாள் வெள்ளத்தாய்.

"களியில எங்கிட்டுட்டி கோடு விழும்!"

பரிபூரணம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒடித்த குச்சிகள் இரண்டு. இப்போது மூன்றாவதை நட்டு, எடுத்து, ஒடித்து, மூன்றையும் அசன் முகம்மதுவின் உள்ளங்கையில் வரிசையாக வைத்தாள். பெரியது, நடு, சின்னது.

"நேத்துக் காலையில தலை வரைக்கும் போச்சு மொதலாளி. நேத்துச் சாயங்காலம் முக்கா. இன்னிக்குக் காவாசி. எறுகாமலா இருக்கு? சீனி சிமெண்டக் கொல்லல. பிடிச்சு வச்சிருக்கு, அம்புட்டுத்தான். இப்ப விடுது. நாளைக் காலை வரைக்கும் குடுங்க."

சொல்லும்போது அவளுக்கே முழு உறுதி இல்லை. குச்சி மூன்றும் இறங்குமுகத்தில் இருக்கின்றன. நான்காவதும் அப்படியே இருக்கும் என்று குச்சி ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. தோற்றால் ஒயர்கூடையில் இருப்பதை இனி எந்த முகத்தோடு தூக்கிக்கொண்டு வருவது?

அசன் முகம்மது குச்சிகளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக் காலை ஏழு மணி. எறுகுச்சுன்னாச் சரி. எறுகலைன்னா, அள்ளிட்டுத் தரைமேல பாயை விரிச்சுக் கடையத் திறந்துடுதேன்."

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "குச்சிய நம்புதீகளே, மனுசன நம்புங்க பாய். எறுகுதுங்கிறாளே, இது எறுகுறதா?" என்று, இடது காலைத் தூக்கித் தரையின் நட்டநடுவில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

கால் அரை விரல் ஆழம் இறங்கியது. எடுத்தார். குதிகால், உள்ளங்கால், நான்கு விரல்கள். அச்சு அசலாக.

"பாத்தீகளா?" என்றார் பெருமையாக. "நாளைக்கு அள்ளி எறியப்போறதுதானே."

காலைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே மூவரும் வந்துவிட்டார்கள். மேஸ்திரி கையில் கடப்பாரை. பரிபூரணம் கையில் ஒரு தீக்குச்சி.

குனிந்து நட்டாள். குச்சி ஒடிந்தது.

இன்னோர் இடத்தில் நட்டாள். ஒடிந்தது. அசன் முகம்மது செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டைமேல் நடப்பவரைப் போல ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. பிறகு நடுவில் போய் நின்று ஒரு குதி குதித்தார். தரை அசையவில்லை.

"கல்லுய்யா!" என்றார். "மேஸ்திரி, கல்லு!"

மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மண்டியிட்டு, வாசலிலிருந்து ஆரம்பித்தார். சாண் சாணாக நகர்ந்தார். கண்ணுக்குத் தெரியாததை நகத்தால் தேடினார். இரண்டாவது தரையில் ஏழு கோடு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பதினொன்று இருந்த நடுவிடத்துக்கு வந்ததும், ஒரு பள்ளத்தில் அவர் கை விழுந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். அறை முழுவதும் கண்ணாடி போலச் சிவப்பு. அதன் நடுவில், கல்லில் வெட்டியது போல ஒரு கால். நான்கு விரல்.

"தரையில ஒரே ஒரு பழுதுதான்" என்றாள் வெள்ளத்தாய். "அதுக்கும் சொந்தக்காரரு யாருன்னு தேட வேண்டாம்."

"கோடு இல்லையே மேஸ்திரி?" என்றாள் பரிபூரணம் மெதுவாக.

மேஸ்திரியின் கண் அந்தக் காலைவிட்டு நகரவில்லை. நாளைக்குத் திறப்பு. ராஜபாளையத்திலிருந்து அவரே பெருமைக்காகக் கூப்பிட்ட கொத்தனார்கள் எட்டுப் பேர் வரப்போகிறார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சாகும்வரை இந்தக் கால்தான் பேச்சு.

"பாய், இத இப்பவே மூடிப்புடுவோம்."

"எதுக்கு மேஸ்திரி? இருக்கட்டும். கடைக்கு வாரவுக யாரு போட்ட தரைன்னு கேப்பாக. போர்டு எழுதுற செலவு எனக்கு மிச்சம்."

"பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அசன் முகம்மது சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. "சரி, மூடும். ஆனா இந்தக் காத்துல ஒட்டுப்போட்ட எடம் சுத்தி வெடிக்கக் கூடாது. கால மறைக்கப்போயி, காலச் சுத்திக் கோலம் வந்துடக் கூடாது. சொல்லிட்டேன்."

மேஸ்திரி பரிபூரணத்தைப் பார்த்தார். பரிபூரணம் கூரையைப் பார்த்தாள்.

"ஏட்டி... உன் கலவைய ஒரு சட்டி போடேன்."

"போடுதேன். சாக்க நல்லா அலசி, ஊறவச்சுப் பிழிஞ்சு போடுதேன். தேய்க்கிறது யாரு?"

பின்கட்டிலிருந்து மெகராஜ் பேகம்கூட வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளத்தாய் தொண்டையைச் செருமினாள். சாட்சிக்கு உரிய செருமல்.

மேஸ்திரி பையில் கைவிட்டுத் தன் கரண்டியை எடுத்தார். கைப்பிடியில் இருபத்தைந்து வருடத்து எண்ணெய் ஏறிக் கறுத்த கரண்டி. அதைத் தோள் துண்டில் துடைத்தார். நீட்டினார்.

"இந்தா. பத்துப் பேரு இல்ல. மூணு பேருதான் இருக்காக. போதுமா?"

பரிபூரணம் கையை நீட்டவில்லை. ஒயர்கூடையிடம் போனாள். தூக்குச்சட்டியை வெளியே எடுத்து வைத்தாள். அடியில் கைவிட்டு, பழைய சேலைத் துணியை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று பிரித்தாள். ஒரு சொட்டுக் கலவை படாத கரண்டி வெளியே வந்தது.

"வேண்டாம் மேஸ்திரி. எங்கிட்ட இருக்கு."

மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எம்புட்டு நாளாட்டி உள்ள இருக்கு?"

"மூணு வருசமா உங்க கூடத்தான் பஸ்ல வருது."

சாக்கை மூன்று தண்ணீரில் அலசினாள். கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனிப்பு இல்லை. நூலைச் சின்னதாக, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டினாள். சின்னப் பள்ளத்துக்குச் சின்ன நூல். கலவை தயாரானதும் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தண்ணீர் காட்டி, சிமெண்டுப் பால் தடவினாள். பிறகு ஏறிட்டுப் பார்த்தாள். கலவைச் சட்டி மூன்றடி தள்ளி இருந்தது. வெள்ளத்தாய் அதற்குப் பக்கத்திலேயே நின்றாள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து சட்டியைத் தூக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

"செத்த பக்கத்துல வையுங்க" என்றாள் பரிபூரணம்.

வைத்தார்.

குதிகாலிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளங்கால் நிரம்பியது. விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். நான்காவதை மூடிவிட்டு, ஐந்தாவது எங்கே என்று தேடுவது போலக் கரண்டியை ஒரு நொடி நிறுத்தினாள். மேஸ்திரி தொண்டைக்குள் என்னவோ முனகினார். காவி தூவி, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க எது கால், எது தரை என்று தெரியாமல் போனது.

காற்று உள்ளே வந்தது. ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி ஒரு தடவை மோந்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனது.

பரிபூரணம் எழுந்தாள். கரண்டியைக் கழுவி, துடைத்து, சேலைத் துணியில் சுற்றாமல் அப்படியே ஒயர்கூடையின் மேல் வைத்தாள்.

"மேஸ்திரி, ஒட்டு எறுகுற வரைக்கும் செத்த தண்ணி தெளிச்சுக்கிட்டு இருங்க" என்றாள். "நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."